காகிதம் என்றால் சரஸ்வதி

என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம், ஆவணி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. என்னையும் என் வீட்டுக்காரியையும் வரச் சொன்னார்கள். எங்கள் வீடு மார்க்கையன்கோட்டையில். பள்ளிக்கூடம் சின்னமனூரில். பிள்ளை வேனில் போய் வேனில் வருவாள். வயலில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். நின்றது என் இஷ்டத்தில் இல்லை. அதனாலோ என்னவோ, பள்ளிக்கூடம் எனக்குக் கோயில் மாதிரி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுவேன்.

"ஏங்க, எல்லாரும் செருப்போடதான் போறாக. நீங்க மட்டும் எதுக்கு?" என்று என் வீட்டுக்காரி அன்றைக்கும் கிசுகிசுத்தாள்.

டீச்சர் சின்ன வயதுப் பெண். போடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நோட்டை விரித்தார்.

"சார், பாப்பா நல்ல சூட்டிகை. பாட்டு, கதை எல்லாத்துலயும் முன்னுக்கு நிப்பா. பென்சிலக் கையில குடுத்தாத்தான் மல்லுக்கட்டுறா."

நேர்கோடும் சாய்வுக்கோடும் போடுகிற பக்கம் அது. என் மகளின் பக்கத்தில் கோடுகளைவிட ஓட்டைகள்தான் அதிகம். நான் கடப்பாரையைப் பிடிப்பதுபோல அவள் பென்சிலை முழுக்கையாலும் பிடித்துக் குத்தி இழுத்திருக்கிறாள். தாள் கிழிந்து அடியில் இருந்த தாள் தெரிந்தது. நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒற்றிக்கொண்டேன். டீச்சர் அதைப் பார்த்தார்.

பிறகு தன் கையையே காட்டி விளக்கினார். எழுதுவதற்கு மூன்று விரல் வேண்டுமாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்கவேண்டும். இந்த வயதில் அந்த விரல்களுக்குப் பலம் வந்திருக்காது. ஆகவே வீட்டில் எழுத வைக்காதீர்கள், விரலுக்கு வேறு வேலை கொடுங்கள் என்றார்.

"பழைய பேப்பரக் குடுங்க சார், துண்டு துண்டாக் கிழிக்கட்டும். பாசிப்பயறையும் நெலக்கடலையையும் கலந்து வச்சு, பிரிச்செடுக்கச் சொல்லுங்க. சப்பாத்தி மாவ உருட்டட்டும். துணிக்கு மாட்டுற கிளிப்ப மாட்டிக் கழத்தட்டும். கலர் சாக்பீஸக் குடுத்தா ஒடைச்சுக் குடுங்க. முழுசாக் குடுத்தா மூடுன கையிலதான் பிடிப்பா. சின்னத் துண்டா இருந்தா தானா மூணு விரலு வந்துரும். பங்குனிக்குள்ள கை பழகிருச்சுன்னா யு.கே.ஜி.க்கு எல்லாரோடயும் போயிரலாம்."

"பழகலேன்னா?" என்று கேட்டேன்.

"பழகிரும் சார். வெளாட்டுதானே?"

வேனில் என் மகளோடு ஒட்டி உட்கார்ந்து போகிற பிள்ளை ஒருத்தி உண்டு. எங்கள் தெருதான். இரண்டும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடும். அவள் மேலே போய், இவள் மட்டும் கீழேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வரும் வழியெல்லாம் எனக்குள் ஓடியது.

அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்காரி வேலையைத் தொடங்கிவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சங்கடம் இருந்தது. டீச்சர் சொன்னதில் எதை எடுத்தாலும் அது எங்களுக்கு ஒரு சாமி.

முதலில் பயறும் கடலையும். தாம்பாளத்தில் கொட்டிக் கொடுத்தாள். பிள்ளை நாலு பயறு பொறுக்கினாள், அப்புறம் தாம்பாளத்தையே தட்டிவிட்டாள். தரையெல்லாம் உருண்டது. அவள் அதன் மேலேயே நடந்து வந்து என் மடியில் ஏறினாள்.

"ஏத்தா, தானியம் மகாலட்சுமி. கால் படலாமா?" என்றேன்.

களத்து மேட்டில்கூடச் செருப்போடு ஏறாத குடும்பம் நாங்கள். மறுநாள் முதல் பயறு வெளியே வரவில்லை. சப்பாத்தி மாவும் அப்படித்தான். அவள் அதைப் பாம்பாக உருட்டித் தரையில் ஊரவிட்டாள். அன்னத்தைத் தரையில் போடுவதா என்று எடுத்து வைத்துவிட்டேன். கலர் சாக்பீஸ் வாங்கி வந்தது நான்தான். வரும் வழியில் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரி டீச்சர் சொன்னபடி உடைக்கப் போனாள்.

"சாமி கால்ல வச்சத ஒடைக்கிறியா?" என்று பிடுங்கி, அலமாரியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

மண்ணுக்குச் சாமி கிடையாதே என்று வாய்க்காலிலிருந்து நல்ல களிமண்ணாக ஒரு உருண்டை கொண்டுவந்தேன். பிள்ளை உட்கார்ந்து பிசைந்தாள், நீட்டினாள், ஒரு பக்கம் வாலாக வளைத்தாள். யானை செய்கிறாளாம்.

"அடேயப்பா! அச்சு அசல் பிள்ளையாருல்ல!" என்று சந்தோஷத்தில் ஒரு குங்குமப்பொட்டை வைத்துவிட்டேன். பொட்டு வைத்தபிறகு அதை மறுபடி எப்படிப் பிசைவது? அதுவும் அலமாரிக்குப் போனது.

மிஞ்சியது துணி கிளிப் ஒன்றுதான். அதை என் துண்டின் ஓரத்தில் வரிசையாக மாட்டுவாள், கழற்றுவாள். மாட்டும்போது நாக்கு வெளியே வந்துவிடும்.

என் மச்சினன் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நேந்திரங்காய் சிப்ஸோடுதான் வருவான். அலமாரியில் இருந்த சாக்பீஸையும் மண் உருண்டையையும் பார்த்துவிட்டு அக்காளிடம் விவரம் கேட்டான். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், ஒங்க வீட்டுல எதத் தொட்டாலும் சாமி. புள்ள வெளாட மனுசப் பொருளுன்னு ஒண்ணாச்சும் வச்சிருக்கீகளா?"

"கேலி பேசாத மாப்ள. சின்னதுலயே பழக்குனாத்தான் பக்தி வரும்."

"பக்தி வரட்டும் மச்சான். கை வருமா?"

நானும் சிரித்தேன். ஜீப்காரன் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பேப்பர் கிழித்தது அதற்கடுத்த வாரம். நான் வயலிலிருந்து வந்தபோது கூடம் முழுக்கத் துண்டுக் காகிதம். நடுவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இரண்டு கையாலும் அள்ளி மேலே எறிந்து, "அப்பா, பாருங்க மழ!" என்றாள்.

துண்டுகள் என் காலடியில் விழுந்தன. பதறி விலகினேன். குனிந்து பார்த்தால், பேப்பரோடு வெள்ளிக்கிழமை வருகிற ஆன்மிகப் புத்தகம். முருகன் முகம் பாதி ஒரு துண்டில், பாதி இன்னொரு துண்டில் கிடந்தது.

நான் கை ஓங்கவில்லை. ஆனால் என் குரல் ஓங்கிவிட்டது.

"காகிதம்னா சரஸ்வதி தெரியுமா? சரஸ்வதியப் போட்டுக் கிழிக்கிறியா? சாமி கண்ணக் குத்தும்!"

நம் பக்கம் இதைச் சொல்லாத வீடு இருக்காது. எனக்கும் சொன்னார்கள். நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டு வளர்ந்தவன். என் மகள் அப்படி விடவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கண்ணில் ஒற்றச் சொன்னேன். எடுத்தாள். நகத்தளவுத் துண்டைக்கூட இரண்டு விரல் நுனியால் அழகாகக் கிள்ளி எடுத்து, ஒற்றி, கூடையில் போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த விரல்களைப் பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பணிவு வந்துவிட்டது என்றுதான் பார்த்தேன்.

"டீச்சரு சொன்னாகன்னுதான குடுத்தேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

"டீச்சருக்கு நம்ம வீட்டு வழக்கம் தெரியுமா? எழுத்து எழுதித்தான் வரணும். நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றியதும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். விஜயதசமியன்று பச்சரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்போமே, அதைப்போலத் தினமும் செய்தால் வராமல் போகுமா என்பது என் கணக்கு. அவள் கைமேல் என் கையை வைத்து அ எழுதுவேன். என் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அதற்குள் அவள் கை இருப்பதே தெரியாது. முதலில் கொஞ்சம் திமிறினாள். அப்புறம் திமிறவில்லை. கையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அ மட்டும் அழகாக வரும். டீச்சரிடம் காட்டச் சொல்லி அந்தப் பக்கத்தைக் கொடுத்தனுப்புவேன். அது யார் எழுத்து என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மாசியில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், மயில் படம் குடுத்து, கலர் பேப்பரக் கிழிச்சு ஒட்டச் சொன்னேன். எல்லாப் புள்ளைகளும் கிழிக்குது. பாப்பா மட்டும் ரெண்டு கண்ணையும் பொத்திக்கிட்டு அழுகுறா. கிழிக்காதீக, கிழிக்காதீக, சாமி கண்ணக் குத்தும்னு. அதக் கேட்டு இன்னும் நாலு புள்ளைக அழ ஆரம்பிச்சிருச்சு."

என் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் நோட்டை எடுத்தார். ஓட்டைகள் இல்லை. கோடுகளும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தபிறகுதான், எறும்பு ஊர்ந்து போனதுபோல ஏதோ தெரிந்தது.

"முந்தி அழுத்தி அழுத்தி ஓட்ட விழும். அதக் கொறைச்சுக் கொண்டாந்துரலாம்னு இருந்தேன். இப்ப பென்சில பேப்பர்ல வைக்கவே யோசிக்கிறா. கையைப் பிடிச்சாத் தொவண்டு போகுது. இன்னொரு வருசம் இங்கனயே இருக்கட்டும் சார். சின்னப் புள்ளதான, ஒண்ணும் கொறஞ்சு போகாது."

பஸ் ஏறியதும் என் வீட்டுக்காரியிடம், "கைக்கு என்னமோ கோளாறு இருக்கு. தேனியில டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றேன்.

டாக்டரிடம் போகத் தேவையில்லாமல் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் என் வீட்டுக்காரி பிள்ளைக்குத் தலை சீவிவிட்டாள். பேச்சு என் காதில் விழுந்தது.

"ஏன் தாயி, அழுத்தி எழுத மாட்டேங்குற? கை வலிக்குதா?"

"இல்ல."

"பெறகு?"

"சரஸ்வதிக்கு வலிக்கும்ல."

சீப்பு நின்றது.

"பென்சிலு கூரா இருக்குல்லம்மா. முந்தி ஓட்ட விழுந்துச்சுல்ல, அப்ப எம்புட்டு வலிச்சிருக்கும்? அதான் இப்ப மெதுவ்வா, தொடாம எழுதுறேன்."

திரி என் கையில் பிரிந்துபோயிற்று. மறுபடி திரிக்க வரவில்லை. அத்தனை நாளும் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து, சரஸ்வதிக்கு வலித்துவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். நாங்கள் அதைக் கைக்கோளாறு என்று பேசிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரி எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அவசரக்காரன் நான். சொன்னதை உடனே திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளையைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, அன்றைய பேப்பரை எடுத்தேன்.

"இங்க பாரு ஆத்தா. அப்பா கிழிக்கிறேன். ஒண்ணும் ஆகாது, பாரு."

சர்ரென்று நடுவில் கிழித்தேன். அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர் நின்று எட்டிப் பார்த்தார்.

"வேணாம்ப்பா! ஒங்க கண்ணக் குத்தும்! வேணாம்!"

ஓடிவந்து என் மேல் விழுந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் என் கண்களைப் பொத்திக்கொண்டாள். தொட்டால் துவளுகிற கை என்று டீச்சர் சொன்னாரே, அந்தக் கை. பிய்த்து எடுக்க முடியவில்லை. அவ்வளவு பலம்.

"சாமி குத்தாது ஆத்தா. அப்பா அன்னைக்குச் சும்மா சொன்னேன்."

அவள் கையைக் கொஞ்சம் தளர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"சாமியப் பத்திச் சும்மா சொன்னீகளா?"

இதற்கு நான் என்ன சொல்லமுடியும்? ஆமாம் என்றால், நான் தினமும் சொல்லிக்கொடுக்கிற மற்றதெல்லாம்? இல்லை என்றால், என் கண்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் இறங்கிப் போய் அலமாரி முன்னால் நின்றாள். காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள்.

"சாமி, அப்பா தெரியாமச் செஞ்சுட்டாரு. குத்திராத சாமி. நான் பேப்பர ஒட்டி வச்சிர்றேன்."

எனக்காகப் பிள்ளை போட்ட தோப்புக்கரணத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சாமி கும்பிடுவதை நான் விடவில்லை. விடவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். அம்மா எதற்குப் பிள்ளையின் கண்ணைக் குத்துவாள்? இந்தக் கேள்வி எனக்கு நாற்பது வயதுவரை தோன்றவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. வேனில் எங்கள் தெருப் பிள்ளையும் இவளும் ஒட்டித்தான் உட்கார்ந்து போனார்கள். அங்கே இறங்கியதும் அந்தப் பிள்ளை மாடிக்குப் போனாள், இவள் பழைய வகுப்புக்குப் போனாள். முதல் நாள் வந்து, "அவளுக்கு மேல ஜன்னலு இருக்காம்ப்பா, எனக்கு இல்ல" என்றாள். அழவில்லை. அதற்கப்புறம் டப்பாவை முழுக்கத் தானே சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

டீச்சர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காகிதத்தை எடுக்கவே இல்லை. சிலேட்டு, ஈரத்துணி, உடைந்த பல்பம். சிலேட்டைச் சாமி என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரி பூண்டு உரிக்கவும், அவரையை நார் கிள்ளவும், ஊசியில்லாமல் கயிற்றில் மணி கோர்க்கவும் பழக்கினாள். புரட்டாசி வாக்கில் மெள்ள நோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. நான் பக்கத்தில் இருந்தால் அவள் கோடு மங்கிவிடுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். இல்லையென்றால் கையை என் பக்கம் நீட்டிவிடுகிறாள், பிடித்துக்கொள் என்று.

"ஏங்க, கோவிச்சுக்கிறாதீக" என்றாள் என் வீட்டுக்காரி. "அவ எழுதுற நேரம் நீங்க கொஞ்சம் வெளிய இருந்தா நல்லது. டீச்சரும் அதான் சொல்றாக."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளைக்கு எழுத்து வரவேண்டும் என்று என்னைப்போல ஆசைப்பட்டவன் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்த எழுத்து நான் இல்லாத நேரத்தில்தான் வரும் என்றால், சரி. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வயல் பக்கம் போய்விடுவேன். வேலை இருக்காது. வரப்பில் உட்கார்ந்திருப்பேன். இருட்டும் நேரத்துக்குத் திரும்புவேன். அதற்குள் நோட்டும் பென்சிலும் பைக்குள் போயிருக்கும்.

போன வாரம் தூறல் போட்டதால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று விரலில் பென்சில் சரியாக உட்கார்ந்திருந்தது. நடுவிரல் அடியில் தாங்கியிருந்தது. அழுத்தித்தான் எழுதினாள். நான் நின்ற இடத்துக்கே தெரிகிற கறுப்பு. அழுத்திய அழுத்தில் முனை பட்டென்று முறிந்தது. ஒரு நொடி நோட்டையே பார்த்தாள். பிறகு, "அம்மா, ஒடிச்சுட்டேன்!" என்று காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஆடிய கால் நின்றது. எழுந்து உட்கார்ந்தாள்.

"மிச்சத்த நாளைக்கு எழுதிக்கிறேம்மா" என்று நோட்டை மூடினாள்.

"மோட்டார நிப்பாட்டாம வந்துட்டேன்" என்று பொதுவாகச் சொன்னேன். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். தூறல் இன்னும் விட்டபாடில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி வயல் பக்கம் நடந்தேன்.